கடல் கடந்து வரும் பெருங்கொள்முதல்: விற்பவர் கவனத்திற்கு

கெடா மாநிலத்தில் பால்மரம் சீவும் குடும்பங்கள் பல, இன்று ஓய்வு நேரத்தில் சிறு தொழிலும் செய்து வருகின்றன. பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரங்களில் வீட்டில் ஆக்கப்படும் முறுக்கு, ஊறுகாய், மசாலைத் தூள் ஆகியவை கைத்தொலைபேசி வழியாகவே விலைபோகின்றன. இது வரவேற்கத்தக்க முன்னேற்றமாகும். ஆயினும், சந்தை விரிந்ததைப் போலவே வஞ்சகர்களின் வலையும் விரிந்துள்ளது.

இவ்வஞ்சகம் புதியதன்று. 1980-ஆம் ஆண்டுகளிலேயே, பெருந்தொகை தருவதாக ஆசை காட்டி, முன்பணம் கேட்கும் கடிதங்கள் நைஜீரியாவிலிருந்து அஞ்சலில் பல நாடுகளுக்கும் சென்றன. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419-ஆம் பிரிவே அம்மோசடிக்குப் பெயராயிற்று. அன்று அஞ்சலில் வந்தது இன்று வாட்ஸ்அப்பில் வருகிறது, அவ்வளவே வேறுபாடு.

அது நடைபெறும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். வெளிநாட்டு வணிகர் என்று கூறிக்கொள்ளும் ஒருவர், டின் ஒன்று 12 ரிங்கிட் விலையில் 500 டின் முறுக்குக் கேட்கிறார். விலையைக் குறைக்கச் சொல்வதில்லை. சுவை பார்க்க மாதிரியும் கேட்பதில்லை. பொருளின் விலை 6,000 ரிங்கிட். அவரோ கடன் அட்டை மூலம் 9,500 ரிங்கிட் செலுத்துகிறார். "மீதி 3,500 ரிங்கிட்டை என் கப்பல் முகவருக்கு உடனே அனுப்பிவிடுங்கள்" என்கிறார். விற்பவரும் நம்பி அனுப்புகிறார். சரக்கும் போய்ச் சேருகிறது.

சில வாரங்களில் உண்மை வெளிப்படுகிறது. அந்த அட்டை திருடப்பட்டது. அதன் உரிமையாளர் முறையிட்டதும் 9,500 ரிங்கிட்டும் விற்பவரிடமிருந்து திரும்பப் பெறப்படுகிறது. "முகவர்" அவ்வஞ்சகரின் கூட்டாளியே. விற்பவர் சரக்கையும் இழந்து, கைப்பணம் 3,500 ரிங்கிட்டையும் இழக்கிறார். 2025-ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச மாத ஊதியத்தோடு ஒப்பிட்டால், இத்தொகை இரண்டு மாத உழைப்பையும் மிஞ்சும்.

கணக்கில் பணம் தோன்றுவது வேறு. அது நமக்கு உறுதியாவது வேறு. வெளிநாட்டுக் காசோலைக்கும் இது பொருந்தும். ஆகவே, பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று:

1. விலைக்கு மேல் பணம் செலுத்தி, மீதியைப் பிறருக்கு அனுப்பச் சொன்னால், அவ்வியாபாரத்தை அத்துடன் நிறுத்துக.

2. பதிவுக் கட்டணம், வரி, வழக்கறிஞர் கட்டணம் என்று வாங்குபவரே நம்மிடம் பணம் கேட்டால் ஒரு காசும் தராதீர்.

3. பணம் செலுத்தியதாக வரும் பற்றுச்சீட்டின் படத்தை நம்ப வேண்டாம். வங்கிக்கு நேரில் சென்று, அப்பணம் திரும்பப் பெறப்படக்கூடியதா என்று கேளுங்கள்.

4. பணம் அனுப்புமுன், பெறுபவரின் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் சோதியுங்கள். அங்கே புகார் இல்லை என்பதனால் மட்டும் ஒருவர் நல்லவராகிவிடமாட்டார்.

5. வங்கிக் கணக்கையோ, ஏ.டி.எம். அட்டையையோ பிறருக்கு இரவல் தராதீர். 2024-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தின்படி அது குற்றமாகும்.

வெளிநாட்டினர் எல்லாரும் வஞ்சகர் அல்லர். உண்மையான வணிகர் மாதிரி கேட்பார், விலை பேசுவார், பொறுத்திருப்பார். ஏற்றுமதியில் ஆர்வமுள்ளோர், 1993-இல் அமைக்கப்பட்ட மெட்ரேட் எனும் வெளிநாட்டு வாணிப மேம்பாட்டுக் கழகத்தின் ஆலோசனையைப் பெறலாம்.

ஏமாற்றப்பட்டதாக அறிந்தால், வெட்கப்பட்டு மறைத்தல் கூடாது. உடனே 997 என்ற எண்ணில், 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தை அழையுங்கள். பின்னர் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். உரையாடல்களையும் பற்றுச்சீட்டுகளையும் அழித்துவிடாதீர். பணம் கைமாறிக்கொண்டே போகுமாதலால், விரைந்து அறிவித்தால்தான் அதனைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

விடியுமுன் எழுந்து உழைத்துச் சேர்த்த பணம் இது. பெரிய கொள்முதல் வரும்போது ஒருநாள் பொறுத்து, வீட்டிலுள்ள படித்த பிள்ளைகளோடும் வங்கியோடும் கலந்து பேசி முடிவெடுப்பதே அறிவுடைமையாகும்.