ஒரு சொல், பல பொருள்: ‘ஃபைன்’ என்னும் ஆங்கிலப் பெயரடை



க.பொ.த. சாதாரண தர ஆங்கில வினாத்தாளில் தெரியாத சொல் வந்தால் நீங்கள் நின்று யோசிப்பீர்கள். முன்பின் வசனங்களைப் பார்த்துப் பொருளை ஊகிப்பீர்கள். ஆனால் தெரிந்த சொல் வந்தால் நிற்பதில்லை. அதனாலேயே பல புள்ளிகள் தெரிந்த சொற்களில் இழக்கப்படுகின்றன. அத்தகைய சொற்களுள் ஒன்று ‘ஃபைன்’.

ஆரம்ப வகுப்பிலேயே ‘ஹவ் ஆர் யூ?’ என்ற கேள்விக்கு ‘ஐ ஆம் ஃபைன்’ என்று பதில் சொல்லப் பழகிவிட்டோம். ஆகவே ‘ஃபைன்’ என்றால் ‘நலம்’ என்று மனதில் பதிந்துவிட்டது. அந்த ஒரு பொருளை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தால் மணலும் நலம், மாவும் நலம், நீதிமன்றம் விதித்த தண்டமும் நலம் என்றாகிவிடும்! இச்சொல்லின் பொருள்களை ஒழுங்காகப் பார்ப்போம். ஓசை மனதில் நிற்பதற்காக ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம். படிக்கும்போது உங்கள் அப்பியாசக் கொப்பியில் அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகுங்கள்.

முதலில் உச்சரிப்பு. மேற்பற்கள் கீழுதட்டைத் தொட, காற்றை வெளியே விட்டு ‘ஃபைன்’ என்று சொல்ல வேண்டும். உதடுகளை மூடித் திறந்து ‘பைன்’ என்றால் அது மலைநாட்டில் வளரும் பைன் மரம்.

1. சொல்லின் வேர்

இலத்தீன் மொழியில் ‘ஃபீனிஸ்’ என்றால் முடிவு, எல்லை என்று பொருள். அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ஃபினிஷ்’, ‘ஃபைனல்’ ஆகிய சொற்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

‘முடிவு’ எப்படி ‘நலம்’ ஆனது? ஒரு பொருளைச் செய்து முடித்து, இனித் திருத்த எதுவுமில்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்தால் அது சிறந்த பொருள். அதனால் ‘சிறந்த’ என்ற பொருள் பிறந்தது. சிறந்த வேலைப்பாடு நுணுக்கமாக இருக்கும். அதனால் ‘நுண்ணிய’, ‘மெல்லிய’ என்ற பொருள்கள் பிறந்தன. குறை எதுவும் இல்லை என்பதிலிருந்து ‘நலமான’, ‘சரியான’ என்ற பொருள்கள் வந்தன. இந்தச் சங்கிலியை நினைவில் வைத்திருந்தால் கீழே வரும் பொருள்களைத் தனித்தனியாக மனனம் செய்யத் தேவையில்லை.

2. பெயரடையாக வரும்போது

(அ) நலமான: ‘ஷீ இஸ் ஃபைன்’ என்றால் அவள் நலமாக இருக்கிறாள். இந்தப் பொருளில் வரும்போது இதற்கு முன்னால் ‘வெரி’ சேர்ப்பது வழக்கமில்லை. மாணவர் கடிதங்களில் ‘ஐ ஆம் வெரி ஃபைன்’ என்ற வசனத்தை அடிக்கடி காண்கிறோம். ‘ஐ ஆம் வெரி வெல்’ அல்லது ‘ஐ ஆம் ஃபைன்’ என்று எழுதுங்கள்.

(ஆ) சரி, போதும்: ‘தற்ஸ் ஃபைன்’ என்றால் ‘சரி’ அல்லது ‘பரவாயில்லை’. தேநீர் வேண்டுமா என்று ஒருவர் கேட்கும்போது ‘ஐ ஆம் ஃபைன், தாங்ஸ்’ என்று பதில் வந்தால் அவர் தமது சுகத்தைச் சொல்லவில்லை. ‘எனக்கு வேண்டாம், நன்றி’ என்கிறார். உரையாடலைப் பூரணப்படுத்தும் வினாக்களில் இதைக் கவனிக்க வேண்டும். முன்னால் உள்ள கேள்வி சுகம் விசாரிப்பதா, எதையாவது கொடுக்க முன்வருவதா என்று பார்த்த பின்னரே விடையைத் தெரிவுசெய்யுங்கள்.

(இ) மழையற்ற, வெளிச்சமான: ‘ஃபைன் வெதர்’ என்றால் மழை இல்லாத, தெளிவான வானிலை. இதை ‘நல்ல காலநிலை’ என்று மொழிபெயர்த்தால் சில இடங்களில் பொருள் மாறிவிடும். பெரும்போகத்தில் விதைத்துவிட்டு மழைக்காக வானத்தைப் பார்த்திருக்கும் வன்னி விவசாயிக்கு நல்ல செய்தி மழைதான். ஆங்கில வானிலை அறிக்கை ‘ஃபைன்’ என்று சொன்னால் அவருக்கு அது நல்ல செய்தியல்ல.

(ஈ) நுண்ணிய, பொடியான: இடியப்பத்துக்கு அரிசி மாவை அரிக்கும்போது அரிதட்டுக்குக் கீழே விழுவது ‘ஃபைன்’. மேலே தங்கும் கப்பி ‘கோர்ஸ்’. இவை எதிர்ச்சொற்கள். வடமராட்சி கிழக்கில் மணற்காட்டு மணல்மேடுகளில் காற்று அள்ளிச் செல்லும் மணல் ‘ஃபைன் சாண்ட்’. சமையற் குறிப்பில் ‘ஃபைன்லி சொப்ட்’ என்று வந்தால் வெங்காயத்தை ‘அழகாக’ அல்ல, ‘மிகச் சிறிதாக’ அரிய வேண்டும்.

விஞ்ஞானப் பாடத்திலும் இப்பொருளே வரும். 2022 டிசம்பரில் வடக்கிலும் நாட்டின் பல பகுதிகளிலும் வளியின் தரம் குறைந்தபோது ‘பீஎம் 2.5’ என்ற சொல் செய்திகளில் அடிபட்டது. இவற்றை ஆங்கிலத்தில் ‘ஃபைன் பார்ட்டிக்கிள்ஸ்’ என்பர். 2.5 மைக்குரோமீற்றர் அல்லது அதற்குக் குறைந்த விட்டமுள்ள நுண் துணிக்கைகள் என்பது இதன் கருத்து. இவை சுவாசப்பையின் ஆழம் வரை செல்லக்கூடியவை. இங்கே ‘ஃபைன்’ என்பதை ‘நல்ல துணிக்கை’ என்று எடுத்தால் ஆபத்தான ஒன்றை நன்மையானது என்று எழுதியவர்களாவோம்.

(உ) தூய்மையான: ‘ஃபைன் கோல்ட்’ என்றால் கலப்பில்லாத தங்கம். தங்கத்தின் தூய்மையை ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள். 22 கரட் நகையில் 916 என்று பொறித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த நகையின் ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்பது அதன் பொருள்.

(ஊ) மிகச் சிறிய வேறுபாடு: ‘எ ஃபைன் டிஸ்டிங்ஷன்’, ‘எ ஃபைன் லைன்’ ஆகியவற்றில் வேறுபாடு மயிரிழை அளவானது என்ற பொருள் உண்டு. துணிச்சலுக்கும் முட்டாள்தனத்துக்கும் இடையே ‘ஃபைன் லைன்’ உண்டு என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள்.

(எ) நேர்கோட்டை ஒட்டிய: கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ‘ஃபைன் லெக்’ தெரியும். இரு விக்கெட்டுகளையும் இணைக்கும் கோட்டைத் துடுப்பாட்ட வீரருக்குப் பின்னால் நீட்டிப் பாருங்கள். அந்தக் கோட்டுக்கு அருகில், கால் பக்கத்தில் நிற்பவர் ‘ஃபைன் லெக்’. கோட்டுக்குச் செங்குத்தான திசையில் நிற்பவர் ‘ஸ்குவெயார் லெக்’. கோணம் சிறிதாக இருப்பதே இங்கு ‘ஃபைன்’.

(ஏ) கேலியாக: ‘எ ஃபைன் மெஸ்’ என்றால் சிறந்த குழப்பம் அல்ல. காரியத்தைக் கெடுத்தவனிடம் நாம் ‘நல்ல வேலை பார்த்தாய்!’ என்று சொல்வதில்லையா? அதே தொனி. தமிழில் ‘நல்ல’ செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ‘ஃபைன்’ செய்கிறது.

3. நுண்கலை: ஒரு மொழிபெயர்ப்பின் கதை

‘ஃபைன் ஆர்ட்ஸ்’ என்பதைத் தமிழில் ‘நுண்கலை’ என்கிறோம். யாழ்ப்பாணத்தில் ‘இராமநாதன் நுண்கலைக் கழகம்’ என்ற பெயர் நீண்டகாலம் வழங்கியது. ஆனால் ஆங்கிலத் தொடரில் உள்ள ‘ஃபைன்’ நுண்மையைக் குறிக்கவில்லை. பிரெஞ்சு மொழியில் இக்கலைகளுக்கு ‘அழகிய கலைகள்’ என்று பெயர். ஓவியம், சிற்பம், இசை போன்று அழகுக்காகவே படைக்கப்படும் கலைகள் என்பது கருத்து. மட்டக்களப்பில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் பெயரிலும், நீங்கள் பாடசாலையில் படிக்கும் அழகியல் பாடத்தின் பெயரிலும் அந்த ‘அழகு’ இருக்கிறது.

அப்படியானால் ‘நுண்கலை’ பிழையா? இல்லை. ‘நுண்ணறிவு’ என்று சொல்லும்போது சிறிய அறிவு என்று நாம் கருதுவதில்லை. கூரிய அறிவு என்றே கருதுகிறோம். தமிழில் ‘நுண்’ என்பதற்கும் ‘நுட்பமான, சிறந்த’ என்ற பொருள் உண்டு. ஒரு சொல் பல பொருள் தருவது எல்லா மொழிகளுக்கும் பொதுவானது.

4. பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும்

பெயர்ச்சொல்லாக வரும் ‘எ ஃபைன்’ என்றால் தண்டப்பணம். இதுவும் அதே இலத்தீன் வேரிலிருந்து வந்ததே. ஒரு வழக்கை அல்லது பிணக்கை முடிவுக்குக் கொண்டுவரச் செலுத்தும் பணம் என்பதால் ‘முடிவு’ என்ற சொல்லே அதற்குப் பெயராயிற்று. வினைச்சொல்லாக வரும்போது ‘தண்டம் விதித்தல்’ என்று பொருள்படும்.

பின்வரும் இரண்டு வசனங்களையும் கவனியுங்கள்.

‘த டிரைவர் வோஸ் ஃபைன்’ – சாரதி நலமாக இருந்தார்.
‘த டிரைவர் வோஸ் ஃபைன்ட்’ – சாரதிக்குத் தண்டம் விதிக்கப்பட்டது.

இறுதியில் உள்ள ஓர் எழுத்து வசனத்தின் பொருளையே மாற்றிவிட்டது. பரீட்சையில் இது ஒரு புள்ளி. ஆனால் வீட்டுக்கு வரும் ஓர் ஆங்கிலக் கடிதத்தில் இதே எழுத்தைத் தவறவிட்டால் இழப்பது பணம்.

5. ‘ஃபைன் பிரிண்ட்’

இந்தத் தொடரை நீங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஒப்பந்தப் பத்திரங்களின் அடியில் அல்லது பின்பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் அச்சிடப்படும் நிபந்தனைகளே ‘ஃபைன் பிரிண்ட்’. ‘அழகிய அச்சு’ என்று எழுதினால் பிழை. இதற்கு இன்னொரு கருத்தும் உண்டு: எளிதில் கண்ணில் படாத, ஆனால் கட்டுப்படுத்தும் நிபந்தனை.

முச்சக்கரவண்டிக்கு லீசிங் எடுக்கும்போது அப்பா கையெழுத்திடும் பத்திரம், அம்மா எடுக்கும் கடனுக்கான படிவம், வெளிநாட்டு வேலைக்குப் போகும் அண்ணாவின் ஒப்பந்தம் ஆகியவற்றில் ஆங்கிலப் பகுதிகள் இருக்கலாம். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கக்கூடியவர் நீங்கள் ஒருவராகவே இருக்கவும் கூடும். தவணை தாமதித்தால் எவ்வளவு அறவிடப்படும், எத்தனை தவணை தவறினால் வாகனம் திரும்ப எடுக்கப்படும் என்பன பெரும்பாலும் அந்தச் சிறிய எழுத்தில்தான் இருக்கும். கையெழுத்திட்ட பின்னர் ‘வாசிக்கவில்லை’ என்று சொல்வது பொதுவாக உதவாது. விளங்காத பகுதி இருந்தால் கையெழுத்திட முன்னர் விளக்கம் கேட்கும்படி பெரியவர்களிடம் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

6. பொருளைக் கண்டுபிடிக்கும் வழி

வாசிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது: அடுத்து வரும் சொல் என்ன? பெயர்ச்சொல் வந்தால் ‘ஃபைன்’ பெயரடை. ‘எ ஃபைன் ஒஃப்’ என்று வந்து தொகை தொடர்ந்தால் அது தண்டப்பணம்.

இரண்டாவது: எதைப் பற்றிச் சொல்லப்படுகிறது? ஆளா, வானமா, மாவா, கலையா?

மூன்றாவது: இதன் எதிர்ச்சொல் என்னவாக இருக்கும்? ‘நோயுற்ற’ என்றால் நலம். ‘மழையான’ என்றால் தெளிவு. ‘கரடுமுரடான’ என்றால் நுண்மை. எதிர்ச்சொல்லை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஐயம் தீர்ந்துவிடும்.

பயிற்சி

பின்வருவனவற்றில் ‘ஃபைன்’ தரும் பொருளை எழுதுக.

1. ஃபைன் டஸ்ட்
2. ஹீ பெய்ட் எ ஃபைன் ஒஃப் டூ தவுசன்ட் ருபீஸ்.
3. இட் வோஸ் எ ஃபைன் மோர்னிங்.
4. ‘மோர் ரைஸ்?’ ‘நோ, ஐ ஆம் ஃபைன்.’
5. ஷீ இஸ் எ ஃபைன் சிங்கர்.
6. றீட் த ஃபைன் பிரிண்ட்.

விடைகள்

1. நுண்ணிய தூசு. 2. தண்டப்பணம், ‘ஒஃப்’ என்பதும் தொகையும் தொடர்வதைக் கவனிக்க. 3. மழையற்ற, தெளிவான காலை. 4. போதும், வேண்டாம். 5. சிறந்த பாடகி, இங்கே நலத்தைப் பற்றிய பேச்சில்லை. 6. சிறிய எழுத்தில் உள்ள நிபந்தனைகள்.

ஆறும் சரியென்றால் இதே முறையில் ‘லைட்’, ‘ஹார்ட்’, ‘ஃபெயார்’ ஆகிய பெயரடைகளுக்கு அகராதியைப் பார்த்து நீங்களே ஓர் அட்டவணை தயாரியுங்கள். அகராதியில் முதலாவது பொருளோடு நின்றுவிடாமல் கடைசிப் பொருள் வரை வாசியுங்கள்.