பவானி ஜமக்காளம்: அசல் எது, போலி எது?

வீட்டுக்கு விருந்தாளி வந்தா நாம முதல்ல என்ன செய்வோம்? மூலையில சுருட்டி வச்ச ஜமக்காளத்தை உதறி விரிப்போம். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அதுதான். ஆனா அதை எங்கே, எப்படி நெய்றாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா?

ஈரோடு மாவட்டத்தில் காவிரியும் பவானி ஆறும் கூடுற இடத்துல இருக்கிற பவானிதான் இதுக்குப் பேர்போன ஊர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரங்க மில் துணி வந்து குவிஞ்சதால் அங்கிருந்த ஜங்கமர் நெசவாளர்களுக்குப் பிழைப்பு போச்சு. அவங்க சும்மா இருக்கல. தடிமனான சாயநூலை வச்சு விரிப்பு நெய்ய ஆரம்பிச்சாங்க. என்ன மூளை பாருங்க!

எங்க அப்பா பட்டு நெய்றவர். அதனால தறி விஷயம் எனக்குக் கொஞ்சம் தெரியும். தறியில் நீளவாக்கில் கட்டியிருப்பது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. நம்ம காஞ்சிபுரம் பட்டில் ரெண்டுமே மெல்லிசு. ஜமக்காளத்தில் ஊடை தடிமன். அதை அடிச்சு அடிச்சு நெருக்குவாங்க. அப்போ பாவு உள்ளே மறைஞ்சிடும். நம்ம கண்ணுக்குத் தெரியுற சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள் எல்லாம் ஊடைதான். அதனால முன்பக்கம், பின்பக்கம் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் அழுக்கானா திருப்பிப் போட்டுடலாம் (எங்க பாட்டி அதைத்தான் செய்வாங்க). அகலமான ஜமக்காளம்னா ஒரே குழித்தறியில் ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து நெய்யணும். கரையில் செயற்கைப் பட்டுநூலால் பூவேலை செய்யுற ரகமும் உண்டு.

உலகப் புகழ் பெற்ற பாரசீகக் கம்பளத்தில் பாவு நூலில் ஒவ்வொரு முடிச்சாகப் போடுவாங்க. முடிச்சு நெருக்கமா இருந்தா ஒசத்தி. ஜமக்காளத்தில் முடிச்சே கிடையாது. ஊடையோட நெருக்கம்தான் தரம்.

போலி எப்படி வருது? விசைத்தறியில் நெய்து, பவானின்னு பேர் சொல்லி விலை குறைச்சு விக்கிறாங்க. 1985-ஆம் வருஷச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்குன்னே ஒதுக்கப்பட்ட ரகம். 2005-06-இல் புவிசார் குறியீடும் கிடைச்சது. நம்ம காஞ்சிபுரம் பட்டுக்கும் அதே சமயம்தான். அப்படியும் போலி நிக்கல. பவானியில் இப்போ தறியில் உட்கார்ந்திருக்கிறவங்க பெரும்பாலும் வயசானவங்க. கூலி கட்டாததால் அவங்க பிள்ளைங்க வேற வேலைக்குப் போயிடுறாங்க. எங்க தெருவிலும் இதே கதைதான்.

எங்க அக்கா சீருக்கு வண்டியில் வந்தவர்கிட்ட "அசல் பவானி"ன்னு ஒண்ணு வாங்கினோம். முதல் துவையலிலேயே சாயம் போய், துணி தொளதொளன்னு ஆயிடுச்சு. அதைப் பார்த்துட்டு அப்பா சொன்னது இது: வாங்கும்போதே வெயிலில் தூக்கிப் பிடி. வெளிச்சம் பொத்தல் பொத்தலா தெரிஞ்சா ஊடை நெருக்கம் இல்லைன்னு அர்த்தம். கையில் தூக்கினா கனமா இருக்கணும். 2006-இல் வந்த கைத்தறி முத்திரை இருக்கான்னும் கேளு.

— 9-ஆம் வகுப்பு மாணவி