காலிக் கல்லறையைப் பார்க்க ஒரு நாள்

ஜேம்ஸ்டவுன் படித்துறையில் தலைக்குமேல் குறுக்காக ஓர் இரும்புச் சட்டம். அதிலிருந்து தடித்த கயிறுகள் தொங்குகின்றன. கப்பலிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் சிறு படகு, அலை வந்தால் படிக்கட்டு உயரத்துக்கு எழும்பும். அலை போனால் சடாரென்று கீழே இறங்கும். எழும்புகிற நேரம் பார்த்துக் கயிற்றை எட்டிப் பிடித்து, ஒரு காலைத் தூக்கிப் படியில் வைக்க வேண்டும். யோசித்தால் போச்சு, அடுத்த அலைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் கப்பலிலேயே உட்கார்ந்து பைனாகுலரில் தீவைப் பார்த்துக்கொள்வது உத்தமம்.

ஊர் பெயர் செயின்ட் ஹெலினா. தென் அட்லாண்டிக்கின் நடுவில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 1,900 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் எரிமலைப் பாறை. மொத்தப் பரப்பு 122 சதுர கிலோமீட்டர். விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னை மாநகராட்சியைவிடச் சிறியது. நாலாயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கிறார்கள். உலகைச் சுற்றும் நீண்ட சொகுசுக் கப்பல் பயணங்களில் இந்தத் தீவுக்கு ஒரே ஒரு பகல் ஒதுக்குவார்கள். கேப் டவுனில் ஏறியவர்களுக்கு அதற்குமுன் நாலைந்து நாள் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கண்ணில் பட்டிருக்காது. அதனால் தூரத்தில் கறுப்பாகச் செங்குத்துச் சுவர்போல ஏதோ தெரிந்ததும், காலை உணவைப் பாதியில் விட்டுவிட்டு மேல்தளத்துக்கு ஓடுவார்கள்.

ஓடி வந்தவர்கள் எல்லாரும் இறங்கிவிட முடியும் என்று சொல்வதற்கில்லை. ஜேம்ஸ்டவுனில் பெரிய கப்பல் அணையும் துறைமுகம் கிடையாது. விரிகுடாவில் நங்கூரம் போட்டுப் படகில்தான் வரவேண்டும். எங்கோ வடக்கு அட்லாண்டிக்கில் அடிக்கும் புயலின் அலை, ஆயிரக்கணக்கான மைல் தாண்டி இங்கே வந்து கரையில் மோதும். உள்ளூர்க்காரர்கள் அதற்கு ‘ரோலர்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1846 பிப்ரவரியில் இப்படி வந்த அலைகள், விரிகுடாவில் நின்ற கப்பல்களில் பத்துக்கும் மேற்பட்டவற்றை ஒரேயடியாக நொறுக்கின. அவற்றில் பல, பிடிபட்ட அடிமைக் கப்பல்கள். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். இப்போதும் அலை சரியில்லை என்று கேப்டன் நினைத்தால், தீவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுக் கப்பலைத் திருப்பிவிடுவார்.

சரி, அலை வழிவிட்டது, காலும் படியில் பட்டுவிட்டது. கையில் ஆறு மணி நேரம் இருக்கிறது. என்ன பார்ப்பது?

இதற்குப் பதில் ஏற்கெனவே அச்சடித்துத் தயாராக இருக்கிறது. முதலில் யாக்கோபின் ஏணி. பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் ஊரிலிருந்து மேலே உள்ள கோட்டைக்கு ஒரே நேர்கோட்டில் ஏறும் 699 படிகள். 1829இல் சரக்கு ஏற்றி இறக்கும் சாய்தளமாகக் கட்டியது. பழனி மலையின் படிகளும் ஏறக்குறைய இத்தனைதான் என்று நம்மவர்கள் அலட்சியமாகக் கிளம்பலாம். பழனியில் வளைந்து வளைந்து ஏறுவோம், நடுவில் மண்டபம் இருக்கும், மோர் கிடைக்கும். இங்கே நிழல்கூடக் கிடையாது. ஒவ்வொரு படியும் சுமார் முக்கால் அடி முதல் ஓரடி உயரம். பக்கத்துக்கு ஒரு கைப்பிடிக் கம்பி. அந்தக் காலத்துப் பையன்கள் ஒரு கம்பியில் தோளையும் மறு கம்பியில் காலையும் வைத்துக் குறுக்காகப் படுத்தபடி சர்ரென்று வழுக்கி இறங்குவார்களாம். ஏறி முடித்தவர்களுக்கு அடிவாரத்து அருங்காட்சியகத்தில் சான்றிதழ் கிடைக்கும், விலைக்கு.

அடுத்தது ஜோனதன். ஆளுநர் மாளிகையின் புல்வெளியில் வசிக்கும் ராட்சத ஆமை. 1882இல் செஷல்ஸ் தீவுகளிலிருந்து வந்தபோதே முழு வளர்ச்சி அடைந்திருந்ததால், பிறந்த ஆண்டு 1832 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 2022இல் அதற்கு 190 வயது கொண்டாடினார்கள். கண் தெரியாது, மோப்பமும் போய்விட்டது; கால்நடை மருத்துவர் வாரம் ஒருமுறை கையாலேயே பழமும் காய்கறியும் ஊட்டுவது வழக்கம்.

நடுவில் பசிக்கும். சூரை மீனும் மிளகாயும் போட்டுப் பொரித்த மீன் வடையை வாங்கிக்கொள்ளலாம். ‘ப்லோ’ என்று ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். ஒரே பானையில் அரிசி, இறைச்சி, காய், கறிமசாலா எல்லாம் போட்டு வேகவைத்த சோறு. பெயரைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லிப் பார்த்தால் அது எந்த ஊர்ச் சொந்தம் என்று தெரிந்துவிடும். கிழக்கிந்தியக் கம்பெனி 1659 முதல் 1834 வரை கையில் வைத்திருந்த தீவு இது. மதராஸிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் இங்கிலாந்து திரும்பும் கம்பெனிக் கப்பல்கள் இங்கேதான் தண்ணீர் பிடித்தன. புலாவ் அந்த வழியில் வந்து இறங்கி, ப்லோ ஆகித் தங்கிவிட்டது.

இதற்குள் மூன்று மணி நேரம் ஓடிவிடும். மிச்சம் மூன்று மணி நேரம் ஒரே ஒரு மனிதருக்கு.

நெப்போலியன் கதை எல்லாருக்கும் தெரியும், இங்கே மறுபடி வேண்டாம். வழியில் பிரையர்ஸ் என்று ஓர் இடம். 1815 அக்டோபரில் வந்து இறங்கிய நெப்போலியன், முதல் இரண்டு மாதம் அங்கேதான் தங்கினார். பத்து வருடம் முன்னால், 1805இல், திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை வீழ்த்திய படையில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லி இந்தியாவிலிருந்து ஊர் திரும்பும்போது தங்கியதும் பிரையர்ஸில்தான். வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு வேறு யாருமல்ல, இவரேதான். பிறகு லாங்வுட் இல்லம். காவலர்களை ரகசியமாக வேவு பார்க்க நெப்போலியன் ஜன்னல் கதவில் குடைந்த ஓட்டைகள், பில்லியர்ட்ஸ் மேஜை, ஈரம் ஊறும் சுவர்கள். அது முடிந்தால் பச்சைப் பள்ளத்தாக்கில் கல்லறை.

கல்லறையைச் சுற்றி இரும்புக் கிராதி. நடுவில் வெறும் கல். அதில் ஒரு எழுத்துகூட இல்லை. ‘நெப்போலியன்’ என்று மட்டும் பொறிக்க வேண்டும் என்றது பிரெஞ்சுத் தரப்பு. ‘போனபார்ட்’டையும் சேர்த்தால்தான் ஆச்சு என்றது ஆங்கிலத் தரப்பு. இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை, கல் மொட்டையாகவே நின்றுவிட்டது. அந்தக் கல்லின் கீழே யாரும் இல்லை என்பது இன்னும் பெரிய வேடிக்கை. 1840 அக்டோபரில் பிரெஞ்சுக் கப்பல் வந்து உடலைத் தோண்டி எடுத்துப் பாரிஸுக்குக் கொண்டுபோய்விட்டது. லாங்வுட்டையும் இந்த இடத்தையும் 1858இல் பிரெஞ்சு அரசு விலைக்கே வாங்கியது. ஆறு மணி நேரத்துக்காக வந்தவர்கள், அதில் நல்ல பங்கை இந்தக் காலிக் குழியைச் சுற்றி நின்று போட்டோ எடுப்பதில் செலவிடுகிறார்கள்.

இந்தக் கட்டுரையின் ஆதங்கம் இங்கேதான் தொடங்குகிறது.

அதே 1840. பேரரசரின் உடல் கப்பலேறிய அதே ஆண்டு, ஜேம்ஸ்டவுனுக்கு அடுத்த பள்ளத்தாக்கில் வேறு கப்பல்கள் ஆட்களை இறக்கத் தொடங்கின. அடிமை வியாபாரத்தைத் தடைசெய்திருந்த பிரிட்டன், அட்லாண்டிக்கில் அடிமைக் கப்பல்களைத் துரத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. பிடித்த கப்பல்களை விசாரிக்க இந்தத் தீவில் ஒரு நீதிமன்றம் அமைத்தார்கள். விசாரணை கப்பலுக்கு. உள்ளே இருந்த ஆட்களை என்ன செய்வது? ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கில் முகாம் போட்டு இறக்கினார்கள். அதன்பின் வந்த முப்பது வருடங்களுக்குள் அப்படி இறக்கப்பட்டவர்கள் 25,000க்கும் மேல். 1846 அலையில் நொறுங்கிய அடிமைக் கப்பல்கள் இந்த வகையில் பிடிபட்டு, உடைக்கக் காத்திருந்தவைதான்.

அவர்களுக்கு ‘விடுவிக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள்’ என்று காகிதத்தில் பெயர். அடித்தட்டில் வாரக்கணக்கில் அடைபட்டு, வயிற்றுப்போக்கும் அம்மையும் பட்டினியுமாக வந்து சேர்ந்தவர்கள். பள்ளத்தாக்கோ செடி முளைக்காத வறண்ட இடம், குடிதண்ணீரும் சரியாக இல்லை. சுமார் 8,000 பேர் அங்கேயே இறந்து புதைக்கப்பட்டார்கள் என்பது ஆய்வாளர்கள் மதிப்பீடு. பிழைத்தவர்களில் பெரும்பாலோரை மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கயானாவுக்கும் கரும்புத் தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். ஊருக்கு மட்டும் அனுப்பவில்லை.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். அதே கரும்புத் தோட்டங்களுக்கு மதராஸிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற பாய்மரக் கப்பல்களும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்த வழியாகத்தான் போயின. தண்ணீரும் காய்கறியும் வாங்கச் செயின்ட் ஹெலினாவில் நின்றன. ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பியவரும் மதராஸில் ஏறியவரும் ஒரே தோட்டத்துக்குப் போய்ச் சேரக்கூடிய காலம் அது.

பிறகு எல்லாரும் மறந்துவிட்டார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கப்பல்கள் வேறு வழியில் போயின. ஆண்டுக்கு ஆயிரம் கப்பல் பார்த்த தீவு ஓய்ந்தது.

மறதியைக் கலைத்தது விமான நிலையம். அதற்குக் கட்டுமானப் பொருள் கொண்டுபோக ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கு வழியாகச் சாலை போட வேண்டியிருந்தது. 2008இல் தொல்லியலாளர்கள் அந்தப் பாதையில் தோண்டினார்கள். ஒரு சிறு பகுதியில் மட்டும் 325 பேரின் எலும்புகள் கிடைத்தன. பெரும்பாலானவர்கள் சிறுவர்கள், இளம் பருவத்தினர். அநேகருக்குச் சவப்பெட்டி இல்லை. சில குழிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட உடல்கள். சிலருடைய முன்பற்கள், பிறந்த ஊர் வழக்கப்படி அழகுக்காகச் செதுக்கப்பட்டிருந்தன. சிலரிடம் பாசிமணிகளும் இருந்தன. உடம்பில் இருந்த அத்தனையையும் பறித்துக் கப்பலில் ஏற்றியவர்களின் கண்ணில் படாமல் அவை எப்படித் தப்பின என்பது யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

அந்த எலும்புகளைப் பெட்டிகளில் போட்டு ஜேம்ஸ்டவுனில் ஒரு கிடங்கில் வைத்தார்கள். தற்காலிகமாகத்தான். 2017இல் பயணிகள் விமானம் வந்தது. 2018இல், வருடக்கணக்காகக் கேப் டவுனுக்குப் போய்வந்த தீவின் ஒரே அஞ்சல் கப்பல் கடைசி முறையாகக் கிளம்பிப் போனது. பெட்டிகள் அப்படியே கிடந்தன. தீவில் சிலர் விடாமல் குரல் கொடுத்து, ஒருவழியாக 2022 ஆகஸ்டில் 325 பேரும் அதே பள்ளத்தாக்கில் மறுபடி அடக்கம் செய்யப்பட்டார்கள். இடையில் போனது 14 வருடம். நெப்போலியன் லாங்வுட்டில் உயிரோடு இருந்ததே ஐந்தரை வருடம்தான்.

இன்றைக்கு ரூபர்ட்ஸில் என்ன இருக்கிறது? சரக்குக் கப்பல் அணையும் துறை, எண்ணெய்த் தொட்டிகள், மின் நிலையம். 2021இல் தீவுக்கு அதிவேக இணையம் தரும் கடலடிக் கேபிளும் ரூபர்ட்ஸ் விரிகுடாவில்தான் கரையேறியது. கேபிளின் பெயர் ‘எக்கியானோ’. அடிமையாக விற்கப்பட்டு, தன்னைத்தானே விலைகொடுத்து மீட்டு, 1789இல் தன் வரலாற்றை எழுதிய ஒலாடா எக்கியானோவின் பெயர். பெயர் வைத்தவர்கள் இந்தப் பொருத்தத்தை யோசித்து வைத்ததாகத் தெரியவில்லை.

விடுமுறைக்கு வந்தவர்களை இடுகாட்டுக்குக் கூட்டிப்போவானேன், நெப்போலியனால்தானே தீவின் டாக்ஸி ஓடுகிறது, என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். ஆனால் அவர்கள் இப்போதும் இடுகாட்டுக்குத்தானே கூட்டிப்போகிறார்கள்? உடல் இல்லாத இடுகாட்டுக்கு. உடல்கள் இருக்கிற இடம் அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கிறது, சுற்றுலாத் துண்டுப்பிரசுரத்தின் ஓரத்தில் ஒரு வரியாக.

கடைசிப் படகு கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது ஜேம்ஸ்டவுன் தெருவைப் பார்க்க வேண்டும். தபால்தலை வாங்குகிறவர்கள், உள்ளூர்க் காப்பிக்கொட்டை வாங்குகிறவர்கள் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தபடியே நடப்பார்கள். அந்தக் காப்பி 1733இல் ஏமன் நாட்டு மோக்காவிலிருந்து வந்த விதையின் வம்சம். பொட்டலம் சின்னது, விலை பெரியது. பிறகு மறுபடி படித்துறை, மறுபடி கயிறு, இந்த முறை படியிலிருந்து படகுக்கு. இறங்குவதைவிட ஏறுவதுதான் கஷ்டம், கையில் பை வேறு இருக்கும்.

இந்தத் தடத்தில் கப்பலேறும் யோகம் உங்களுக்கோ, வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கோ வாய்த்தால் ஒரு வேண்டுகோள். படித்துறையில் கால் வைத்ததும் டாக்ஸிக்காரரிடம் முதலில் ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்குக்கு விடச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். நெப்போலியன் கல்லறைக்கு அவசரமில்லை; அவர் 1840லேயே பாரிஸ் போய்விட்டார்.