நீங்க எந்த ஊர் சார்? போனைக் கேளுங்க!

என் செல்போனைக் கேட்டால், நான் காலையில் சென்னைவாசி. மத்தியானம் பெங்களூர்க்காரன். சில நாள் மும்பைக்கும் போய்விடுவேன்!

நான் இருப்பதென்னவோ ஓசூரில். பல் தேய்த்துவிட்டு போனைத் திறந்தால், 'போரூரில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்' என்று கூப்பிடுகிறது. ஜூஜூவாடிப் பக்கம் போய் வந்தால், 'கோரமங்களா பிரியாணி, சூடாக உங்கள் வாசலில்!' அந்தப் பிரியாணி ஹைவேயில் டிராஃபிக்கைத் தாண்டி இங்கே வந்து சேருவதற்குள் பழைய சோறாகிவிடும்.

இது போனின் கிறுக்குத்தனம் இல்லை. 'இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் என் விளம்பரத்தைக் காட்டு' என்று கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் காசு கட்டுகிறார்களே, அந்த ஏற்பாடு. மதுரையிலோ திருச்சியிலோ ஓரளவு ஒழுங்காக நடக்கிற சமாசாரம், எங்கள் எல்லையில் வந்து தடுமாறுகிறது. பக்கத்து ஊர் அத்திப்பள்ளி என்றால் அது கர்நாடகா. பெங்களூர் 40 கிலோமீட்டர். எங்கள் தலைநகரம் சென்னையோ 300 கிலோமீட்டருக்கு மேல். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஃபாக்டரிகள் இருக்கிற ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும். கம்ப்யூட்டர் பாவம், குழம்பாமல் என்ன செய்யும்?

ஐடியா ஒன்றும் புதுசில்லை. புதுசாக ஜவுளிக்கடை திறந்தால், பேப்பர் போடுகிற பையனிடம் நூறு ரூபாய் கொடுத்து, 'இந்த நாலு தெருவுக்கு மட்டும் நோட்டீஸை உள்ளே வச்சுப் போடுப்பா' என்பார்களே... அதேதான். என்ன வித்தியாசம் என்றால், பேப்பர் பையனுக்குத் தெரு தெரியும். கம்ப்யூட்டர் யூகிக்கிறது!

எப்படி யூகிக்கிறது? முதல் வழி, ஐ.பி. முகவரி. பெயர்தான் முகவரி. கதவு எண்ணும் கிடையாது, தெருவும் கிடையாது. நெட் கொடுக்கிற கம்பெனி நம் போனுக்கு மாட்டிவிடுகிற நம்பர் அது. செல்போன் நெட் பெரும்பாலும் ஏதோ ஒரு பெரிய நகரத்து வாசல் வழியாகத்தான் வெளியே போகிறது. ஒரே நம்பரை ஆயிரக்கணக்கானோர் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. வாசல் சென்னையில் என்றால், ஓசூர்க்காரனும் சென்னைக்காரன்! ஆபீஸ் கம்ப்யூட்டர் கதை இன்னும் தமாஷ். பல கம்பெனிகளில் எல்லாக் கிளைகளின் நெட்டும் ஹெட் ஆபீஸ் வழியாகத்தான் போகும். சிப்காட்டில் உட்கார்ந்து மெயில் பார்க்கிற நான், அந்த நேரத்துக்கு மும்பைவாலா.

இரண்டாவது வழி, போனிலிருக்கிற ஜி.பி.எஸ்., பக்கத்து வைஃபை, செல் டவர். இது கெட்டிக்கார வழி. நாம் அனுமதி கொடுத்திருந்தால் எந்தத் தெரு என்பதுவரை சொல்லிவிடும்.

மூன்றாவது, நாம் எதைத் தேடுகிறோம் என்பது. இங்கேதான் எங்கள் மெஸ்கார அண்ணன் மாட்டிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் சின்ன மெஸ். டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்வதாகச் சொன்ன ஒரு பையனிடம் 3,000 ரூபாய் கொடுத்து, 'ஓசூர்ல இருக்கிறவங்களுக்குக் காட்டுப்பா' என்றார். மறுநாளே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அண்ணனுக்கு ஒரே குஷி.

"ஹலோ, ஊட்டா இதியா சார்?"

"இருக்கு சார், வாங்க! எங்கேயிருந்து பேசறீங்க?"

"பொம்மனஹள்ளி!"

அடுத்த போன் ஆடுகோடி. அதற்கடுத்தது எலெக்ட்ரானிக் சிட்டி. சாயங்காலம் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நம்ம ஊர்ல ஒருத்தனுக்குக்கூட பசிக்கலையா?"

விஷயம் இதுதான். பெங்களூரில் 'ஓசூர் ரோடு' என்று பிரமாதமான ஒரு ரோடு இருக்கிறது. ஆடுகோடி, பொம்மனஹள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி எல்லாம் அதன் மேல்தான். அங்கே ஒருத்தர் 'ஓசூர் ரோடு மெஸ்' என்று தேடினால், 'ஆஹா, இவருக்கு ஓசூரில் ஆர்வம்' என்று விளம்பரம் போய் நிற்கிறது. கூகுளில் நாமாக மாற்றாவிட்டால், அந்த ஊரில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்களுக்கும் சேர்த்துத்தான் காட்டும். பிளாட் விற்கிறவருக்கு இது லாபம். துபாயில் இருந்துகொண்டு ஓசூரில் மனை தேடுகிறவர் வந்து மாட்டுவார். சாம்பார் விற்கிறவருக்கு நஷ்டம். ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு ஆச்சே!

மருந்து சுலபம். 'இங்கே இருப்பவர்களுக்கு மட்டும்' என்று செட்டிங்கை மாற்றணும். 'ஓசூர் ரோடு' என்ற சொல் வந்தால் காட்டாதே என்று தடை போடணும். ஊர் பெயருக்குப் பதில் மேப்பில் கடையை மையமாக வைத்து ஒரு வட்டம் போடணும்.

வட்டம் என்றதும் பேராசை வரும். ஜாக்கிரதை! ஆரத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நாலு மடங்காகும். எட்டாம் கிளாஸ் கணக்குதான். 10 கிலோமீட்டர் ஆரம் என்றால் 314 சதுர கிலோமீட்டர். 20 என்றால் 1,256. ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து 10 போட்டாலே அத்திப்பள்ளி உள்ளே வந்துவிடும். 25 போட்டால் ஆனேக்கல், சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டி அத்தனையும் உள்ளே! அண்ணன் இப்போது மூன்று கிலோமீட்டரோடு நிறுத்திக்கொண்டார். ஊட்டா போன்கள் நின்றுவிட்டன. சிப்காட் பேச்சலர்கள் வருகிறார்கள்.

இதுவரை சாப்பாட்டு விஷயம். சோற்றுக்கு வழி தேடுகிற விஷயத்துக்கு வருவோம்.

வேலைக்கு ஆள் எடுக்கிற விளம்பரங்களும் இதே வட்டத்துக்குள்தான் சுற்றுகின்றன. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி 'கர்நாடகா' என்று ஒரே ஒரு டிக் அடித்தால் போதும். பீதரில், 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற பையனுக்கு அந்த விளம்பரம் போகும். தினம் பஸ்ஸில் போய் வரக்கூடிய ஓசூர்ப் பையனுக்குப் போகாது. ஓசூர் ஃபாக்டரி 'தமிழ்நாடு' என்று டிக் அடித்தால், கன்னியாகுமரிக்காரர் பார்ப்பார், அத்திப்பள்ளிக்காரர் பார்க்கமாட்டார். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் வேலை போனது போனதுதான்.

கெட்ட எண்ணத்தோடும் செய்யலாம் என்பதுதான் பயம். அமெரிக்காவில் 2019 மார்ச்சில் அந்நாட்டு வீட்டுவசதித் துறை ஃபேஸ்புக் மீது குற்றம் சாட்டியது. வீட்டு விளம்பரம் கொடுப்பவர்கள் மேப்பில் சிவப்புக்கோடு போட்டு, 'இந்தப் பேட்டைக்காரன் கண்ணில் படவே கூடாது' என்று ஒதுக்க முடிந்தது என்பதும் புகாரில் ஒன்று. அதே மாதம், மனித உரிமை அமைப்புகளோடு செய்துகொண்ட சமரசத்தில், அமெரிக்காவில் வீடு, வேலை, கடன் விளம்பரங்களுக்கு பின்கோடு பார்த்து ஆள் பிடிப்பதை நிறுத்த ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. சின்ன வட்டம் போடவும் அனுமதி இல்லை. 15 மைல் ஆரமாவது இருக்கணும்.

'நம்மை வேவு பார்க்காமல் இருந்தால் போதும்ப்பா' என்கிறீர்களா? அதற்கும் அங்கே வழக்கு நடந்திருக்கிறது. இருப்பிடப் பதிவை அணைத்த பிறகும் வேறு வழியில் கூகுள் இடத்தைக் குறித்துக்கொள்கிறது என்று 2018-ல் ஏ.பி. செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. 2022 நவம்பரில் 40 மாநிலங்களுக்கு 39 கோடியே 15 லட்சம் டாலர் கொடுத்து கூகுள் சமரசம் செய்துகொண்டது.

நாம் செய்யக்கூடியது, போன் செட்டிங்ஸில் ஒவ்வொரு ஆப்பாகப் பார்த்து, 'துல்லியமான இருப்பிடம்' என்பதை அணைப்பது. மேப்புக்கும் டாக்ஸிக்கும் அது வேண்டும். டார்ச் லைட் ஆப்புக்கு நம் தெரு எதற்கு?

வேலை தேடுகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. விளம்பரம் தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகணி என்று ஊர் பெயரை நீங்களே போட்டுத் தேடுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி என்று தேடலாம். தப்பாக வந்த விளம்பரத்தைப் பார்த்து சிரித்துவிட்டுப் போகலாம். வராமலே போன விளம்பரம்தான் ஆளைக் கவிழ்க்கும். அது வரவில்லை என்பதே நமக்குத் தெரியாதே!