காற்றின் கணக்கு – 9: யாரும் நம்பாத 408

தரையிலிருந்து 10 மீட்டர் உயரம், 3 நிமிடச் சராசரி. நம் வானிலைத் துறை புயல் காற்றின் வேகம் என்று அறிவிப்பது இதைத்தான். போன வாரம் பார்த்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம், வர்தா புயல் அன்று குத்தம்பாக்கம் என்ற ஊரில் அடித்த காற்று.

2016 டிசம்பர் 12 பிற்பகல், வர்தா சென்னையில் கரை கடந்தது. துறையின் கணக்கு மணிக்கு 110 கி.மீ., இடையிடையே 125. பதினைந்துதானே கூடுதல் என்று விட்டுவிட முடியாது. காற்று தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 125-ல் அது ஏறக்குறைய 30 சதவீதம் அதிகம். தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போவது பெரும்பாலும் அந்தச் சில நொடி வீச்சில்தான். கட்டடப் பொறியாளர்கள் சராசரியை நம்புவதில்லை. ஐ.எஸ். 875 தர விதி சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படை வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அது 3 நொடி வீச்சின் கணக்கு.

வீச்சு என்றதும் பாரோ தீவைச் சொல்லாமல் கை நகர மறுக்கிறது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால், அப்போது எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த தீவு. 1996 ஏப்ரல் 10 அன்று ஒலிவியா புயல் அதன்மீது போனபோது, 10 மீட்டர் கம்பத்தில் சுழன்றுகொண்டிருந்த கிண்ணக் காற்றுமானி மணிக்கு 408 கி.மீ. என்று பதிந்தது. அதுவரை உலகச் சாதனை, 1934-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மலை உச்சியில் பதிவான 372. ஒலிவியாவோ உலகை உலுக்கிய புயல் அல்ல. கருவி தனியாருடையது, எண்ணும் நம்பும்படியாக இல்லை. ஓரமாகக் கிடந்தது. உலக வானிலை அமைப்பு வல்லுநர் குழு வைத்து, கருவியையும் அடுத்தடுத்து வந்த பதிவுகளையும் ஆராய்ந்து, 2010-ல்தான் சரி என்றது. 14 ஆண்டு! கருவி சொன்னதை மனிதர்கள் ஏற்க எடுத்துக்கொண்ட காலம் அது.

இடம் தீர்ந்துகொண்டிருக்கிறது, குத்தம்பாக்கம் அடுத்த வாரத்துக்குப் போகிறது. கடலிலிருந்து 25 கி.மீ.க்கு மேல் உள்ளே இருக்கும் ஊர். நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் பதிவான வேகத்தை அப்படியே அங்கே பொருத்த முடியாது. தரை ஏறியதும் கட்டடமும் மரமும் காற்றைத் தின்னும். ஆனால் விழுந்த மரம் சாட்சி சொல்லும். நம் பக்கம் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. மேற்கு நோக்கிப் போகும் புயலின் கண் நேர்மேலே கடந்தால், காற்று முதலில் வடக்கிலிருந்து அடிக்கும், சற்று அடங்கும், பிறகு தெற்கிலிருந்து அடிக்கும். கண் தெற்கே தள்ளிப் போயிருந்தால் மரம் மேற்கே சாயும். வடக்கே போயிருந்தால் கிழக்கே.

குத்தம்பாக்கம், திருமழிசை, பூந்தமல்லி வாசகர்களே, வர்தா அன்று உங்கள் தெருவில் எந்த மரம், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் விழுந்தது? பழைய போட்டோ இருந்தால் திசை குறித்து அனுப்புங்கள். அடுத்த வாரக் கணக்கு அதை வைத்துத்தான்.