“அப்பாரு எப்ப வருவாரு?”

காரமடைப் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் காலமானால், சிறுபிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது உண்டு. இல்லையென்றால் பேரப்பிள்ளைகள் கையில் நெய்ப்பந்தத்தைக் கொடுத்துச் சுற்றிவரச் சொல்வார்கள். எப்படியானாலும் நடந்தது என்னவென்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. தாத்தாவைத் தேடி, “அப்பாரு எங்கே?” என்றால், “சாமிகிட்டப் போயிட்டாரு கண்ணு” என்று பதில் வரும். உடனே அடுத்த கேள்வி: “எப்ப வருவாரு?”

அந்த வயதில் அப்படித்தான் கேட்கத் தோன்றும். ஹங்கேரிக் குழந்தைகளிடம் பேசி மரியா நாகி 1948-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சாவு ஒரு பயணம், அல்லது தூக்கம், போனவர் திரும்பலாம். அது எல்லோருக்கும் வரும், மீளாதது என்ற புரிதல் ஒன்பது வயதுவாக்கில்தான் வருகிறது. ‘தூங்கறாரு’, ‘ஊருக்குப் போயிருக்காரு’ என்று மழுப்பினால், பிள்ளை தூங்கவே பயப்படலாம். வாசலைப் பார்த்தபடி காத்திருக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு கதைப்புத்தகம் கைகொடுக்கும். சொந்த வீட்டுச் சாவைப் பற்றி வாய் திறக்காத பிள்ளைகூட, கதையில் வருபவரின் சாவைப் பற்றித் தாராளமாகக் கேட்கும்.

தமிழில் படிக்கக் கிடைப்பது, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட ‘டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. டெட்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி, ஜப்பானில் 1981-ல் வெளியானது. சிறுமி டோட்டோ சான் அடம்பிடித்து வாங்கிய கோழிக்குஞ்சுகள் சீக்கிரமே செத்துப்போகின்றன. பிறகு, இளம்பிள்ளை வாதம் தாக்கிய வகுப்புத் தோழன் யாசுவாகி இறக்கிறான். தலைமையாசிரியர் கோபயாஷி செய்தியை மறைக்கவில்லை. தானே பிள்ளைகளிடம் சொல்லி, இறுதிச் சடங்குக்கும் அழைத்துப்போகிறார்.

தோழர்களை இழப்பது இங்கும் நடந்திருக்கிறது. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் சுற்றுச்சுவர் இடிந்து வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. ‘வயசாகிப் போயிட்டாரு’ என்ற வழக்கமான சமாதானம் அங்கே செல்லாது.

சிறுவயதுச் சாவைப் பேச ஒரு நாடகமும் உண்டு. மனைவியையும் இரு பிள்ளைகளையும் 1902-க்கும் 1907-க்கும் இடையில் பறிகொடுத்தவர் தாகூர். 1911-ல் அவர் எழுதிய ‘தபால் நிலையம்’ நாடகத்தில், சாவை நெருங்கும் நோயாளிச் சிறுவன் அமல் ஜன்னலோரம் அமர்ந்து ராஜாவின் கடிதத்துக்குக் காத்திருக்கிறான். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா பகுதியில் அனாதை இல்லம் நடத்திய மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக், 1942 ஜூலை 18 அன்று தன் பிள்ளைகளைக் கொண்டு இதை அரங்கேற்றினார். சாவை அமைதியாக ஏற்க அவர்கள் பழகட்டும் என்பது அவர் எண்ணம். மூன்று வாரத்துக்குள் அவரும் பிள்ளைகளும் ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

புத்தகத்தை மருந்துபோல் புகட்டக் கூடாது. எழவு விழுந்த அன்றே எடுத்து நீட்டவும் வேண்டாம். பெரியவர் முதலில் தனியே படித்துவிட்டு, பிறகு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கலாம். நிறுத்தச் சொன்னால் நிறுத்தலாம். அதே பக்கத்தை மறுபடி மறுபடி கேட்டால் சலிக்காமல் படிக்கலாம். “செத்துட்டா பசிக்குமா?” என்றால், “பசிக்காது கண்ணு, உடம்பு வேலை செய்யறது நின்னு போச்சு” என்று நேராகச் சொன்னால் போதும். வாசிக்கும்போது கண் கலங்கினால் மறைக்கத் தேவையில்லை.

பிள்ளைக்கு வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை, பள்ளிக்குப் போகவும் மறுக்கிறது என்றால் கதை மட்டும் போதாது. டெலிமானஸ் மனநல உதவி எண்ணான 14416-ல் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.