மாதிரி விமானமும் அதன் மேற்பூச்சும்



மெல்லிய மரச்சட்டங்களால் இறக்கை கட்டி, அதன்மேல் பட்டுத் துணி போர்த்தி, மாதிரி விமானம் ஒன்றைச் செய்து முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எழும் வினா, அதற்கு எந்தப் பூச்சைப் பூசுவது என்பதாகும். பெரும்பாலோர் நிறத்தையே முதலில் எண்ணுவர். நிறம் கடைசியில் எண்ணத் தக்கது. துணிக்கும் பூச்சுக்கும் உள்ள உறவை முதலில் அறிதல் வேண்டும்.

ரைட் சகோதரர்கள் 1903-இல் பறக்கவிட்ட விமானத்தின் இறக்கைகள் பூச்சு ஏதுமில்லாத மஸ்லின் துணியால் மூடப்பட்டிருந்தன. பூச்சில்லாத துணி ஈரம் பட்டால் தளரும். அதன் துளைகள் வழியே காற்று புகும். இக்குறைகளை நீக்கப் பின்னர் வந்ததே ‘டோப்’ எனப்படும் பூச்சு. துணியின் துளைகளை அடைத்தல், துணியை முரசின் தோல்போல் இறுக்குதல், ஈரத்தைத் தடுத்தல் ஆகிய மூன்றும் அதன் கடமைகள். பெங்களூரில் கட்டப்பட்டு 1958-இல் முதன்முதல் பறந்த ‘புஷ்பக்’ என்னும் பயிற்சி விமானமும் துணி போர்த்தியதே.

இந்த டோப் யாது? பஞ்சிலுள்ள செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்து பெறும் பொருளைக் கரைப்பானில் கரைத்தால் நைட்ரேட் டோப் கிடைக்கும். கரைப்பான் ஆவியாகும்போது எஞ்சும் படலம் சுருங்கித் துணியின் இழைகளை இழுத்துப் பிடிக்கிறது. நம் நீலகிரியில், குன்னூரை அடுத்த அருவங்காட்டில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கார்டைட் என்னும் வெடிமருந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. கார்டைட்டின் முக்கிய உறுப்புகளுள் ஒன்றான வெடிபஞ்சும், நம் டோப்பும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. டோப்பில் நைட்ரஜனின் அளவு குறைவு; அவ்வளவே வேறுபாடு. இவ்வுறவை மறவாதீர்கள், இதனைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

டோப்பில் இரு வகைகள் சிறப்பானவை. நைட்ரேட் டோப் துணியிலும் மரத்திலும் நன்கு பற்றும், அளவாகச் சுருங்கும். ஆனால், குளோ எஞ்சினின் எரிபொருளில் உள்ள மெத்தனால் பட்டால் இளகிவிடும். பியூட்டிரேட் டோப் அவ்வெரிபொருளைத் தாங்கும், உலர்ந்தபின் நைட்ரேட்டைப்போல் அவ்வளவு எளிதில் தீப்பற்றாது, ஆனால் நெடுநாள் சுருங்கிக்கொண்டேயிருந்து மெல்லிய இறக்கையை முறுக்கிவிடக்கூடும். ஆகவே ரப்பர் நாடாவாலோ மின்மோட்டாராலோ பறக்கும் விமானத்திற்கு நைட்ரேட் போதும். எரிபொருள் எஞ்சினுக்கு, அடியில் நைட்ரேட்டும் மேலே பியூட்டிரேட்டும் பூசுவது நன்று. இம்முறையைத் தலைகீழாக்கலாகாது, பியூட்டிரேட்டின்மேல் நைட்ரேட் சரியாகப் பற்றாது. அவ்வாறே எண்ணெய் எனாமலின்மேல் டோப்பைப் பூசினால், அதன் வன்மையான கரைப்பான் கீழ்ப்பூச்சைச் சுருட்டி எழுப்பிவிடும். சுருக்கம் மிகுதியென்று கண்டால் சில துளி ஆமணக்கெண்ணெய் கலக்கலாம். படலம் வளைந்து கொடுக்கும். நாற்காலி மேசைகளுக்குப் பூசும் என்.சி. லாக்கரும் இக்குடும்பத்ததே, எனினும் அது துணியை அவ்வளவாக இறுக்காது.

இனி, நம் ஊருக்கே உரிய இடர் ஒன்றைக் கூறுகிறேன். தேவாலா, தென்மேற்குப் பருவக் காற்றை நேர்நின்று ஏற்கும் இடம். தமிழ்நாட்டில் மிகுந்த மழை பெறும் ஊர்களுள் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன், தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன், ஒன்பதாம் வகுப்பு மாணவன், நான்கு திங்கள் உழைத்து ஒரு மாதிரி விமானம் செய்தான். மறுநாள் சுதந்திர தின விழா. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. “வெயில் வந்ததும் பூசுகிறேன் ஐயா” என்றான். “விழாவிற்குள் முடித்தாக வேண்டும், இன்றே பூசு” என்று நான் பணித்தேன். அழகிய சிவப்புப் பூச்சு, கண்ணெதிரே பால் தெளித்ததுபோல் வெளுத்தது. அவசரத்தில் மேற்புறம் மட்டும் பூசியதால், விடிவதற்குள் இறக்கையும் முறுக்கிக்கொண்டது. விழாவில் அவ்விமானம் பறக்கவில்லை, மேசைமேல் இருந்தது. பையன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தவறு அவனுடையதன்று, என்னுடையது.

அது வெளுத்த காரணம் என்ன? கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது துணியின் வெப்பத்தைக் கவர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றிலுள்ள ஈரம் பனியாய்ப் படிகிறது. அவ்வீரம் கலந்ததும் செல்லுலோஸ் வெண்மையாய்த் திரிந்துவிடுகிறது. அத்தகைய படலத்திற்கு வலிமையில்லை. இதற்கு மருந்து, மெதுவாக ஆவியாகும் கரைப்பானைச் சிறிது கலத்தல். அதனினும் சிறந்தது, பொறுத்திருத்தல். சனவரி முதல் மார்ச்சு வரை, பனி விலகிய முற்பகல் வேளை நமக்கு ஏற்றது. ஈரமானி இல்லையே என வருந்த வேண்டா. சமையலறையில் ஒரு தட்டில் உப்பை வையுங்கள். உப்பு கசிந்திருந்தால் அன்று தூரிகையைத் தொடாதீர்கள். இறக்கையின் இருபுறமும் ஒரே அளவாகப் பூசி, சமதளப் பலகையில் பொருத்தி வைத்து உலர விடுங்கள்.

எடையையும் எண்ணுங்கள். வாலில் ஒரு கிராம் பூச்சு மிகுந்தால், சமன் செய்ய மூக்கில் பல கிராம் ஈயம் சேர்க்க நேரிடும். வால் தொலைவிலிருப்பதே காரணம். ஆதலின் நிறமற்ற டோப்பை நீர்க்கக் கரைத்து இரண்டு மூன்று முறை பூசி, நிறத்தை ஒரே முறை மெல்லியதாய்ப் பூசுங்கள். அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு, சிறிதளவிலேயே பரப்பை மறைக்கும்; துணியை நைக்கும் புறஊதாக் கதிரையும் தடுக்கும். தேயிலைத் தோட்டத்தில் பறக்கவிடுவோர் பச்சையை விலக்குக. விழுந்த விமானத்தைத் தேடிக் கண்டெடுக்க இயலாது. செம்மஞ்சள் நிறம் மூடுபனியிலும் ஓரளவு தெரியும்.

முன்னர்க் குறித்த உறவு நினைவிருக்கிறதா? டோப்பும் அதன் ஆவியும் நொடியில் தீப்பற்றும். ஈரத் துணிகளை அடுப்பருகே உலர்த்துவது நம் மலைநாட்டு வழக்கம். டோப் பூசிய இறக்கையை ஒருபோதும் அங்ஙனம் உலர்த்தாதீர்கள். விளக்கோ தீக்குச்சியோ அருகில் கூடாது. சன்னல்கள் திறந்திருக்கட்டும். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் டெட்ராகுளோரோஈத்தேன் கலந்த டோப்பைப் பூசிய தொழிலாளர் சிலர் மஞ்சட்காமாலை கண்டு மாண்டனர். அதன் பின்னரே அக்கரைப்பான் கைவிடப்பட்டது. இன்றைய பூச்சுகளின் ஆவியும் உடலுக்கு ஏற்றதன்று.

முடிவாக ஒன்று. எந்தப் பூச்சையும் நேரே விமானத்தில் பூசாதீர்கள். சிறு மரச்சட்டத்தில் அதே துணியைப் போர்த்திப் பூசுங்கள். நன்கு உலர்ந்தபின் ஒரு துளி எரிபொருள் இட்டு, சிறிது நேரம் கழித்து விரலால் தேயுங்கள். பிசுக்கிறதா, வெளுக்கிறதா, சட்டம் வளைகிறதா என்று பாருங்கள். ஒரு சாண் துணி அவ்வளவையும் சொல்லிவிடும். அன்று அந்தச் சட்டத்தில் ஒரு சோதனை செய்திருந்தால், ஒரு சிறுவனின் நான்கு திங்கள் உழைப்பு வீணாகியிராது. ஆசிரியரே அவசரப்படுத்தினாலும், வானம் தெளியும்வரை காத்திருங்கள்.